பச்சை அடித்த வீடுகள்

எந்தத் தேர்தல் முடிந்தாலும் எங்கள் அலுவலகத்துச் சாப்பாட்டு மேசையில் நாலு பேர் நாட்டை விட்டுப் போவதாக முடிவெடுப்பார்கள். ஒருவர் கனடா என்பார். இன்னொருவர் கனடாவில் வாடகை தாங்காது, ஜெர்மனிதான் சரி என்பார். ஜெயித்த கட்சியைப் பிடிக்காதவர்களுக்கு இந்த நாடு இனி உருப்படாது. ஜெயித்த கட்சியைப் பிடித்தவர்களுக்கோ, இந்த நாலு பேர் இருக்கும்வரை நாடு உருப்படாது. இரண்டு தரப்பும் ஒரே சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, முகம் பார்க்காமல் கை கழுவப் போவார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லோரும் அதே நாற்காலியில் இருப்பார்கள். இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான். கடைசியில் உண்மையாகவே போவதற்குக் கையெழுத்துப் போட்டதும் நான்தான், அதுவும் எங்கள் ஊராட்சித் தேர்தலைக் காரணம் காட்டி.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்தில், நாளுக்கு நாலு தடவை பஸ் வரும் ஊர். மேலே ஊர், ஏரிக்கரைக்குக் கீழே காலனி. நான் காலனி. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நட்டும் களை பறித்தும் அறுத்தும் என்னைப் படிக்க வைத்தார்கள். இரண்டு பேரும் இப்போது இல்லை. அந்த வீட்டில் அக்காவும் மாமாவும் இருக்கிறார்கள். நானும் மனைவியும் சென்னையில் ஒரே கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறோம். என் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கம்பெனிக்குள் யார் எந்தத் தகவலைப் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று பூட்டுப் போடுவது. பத்து வருஷமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

உத்திரமேரூர் என்றதும் என் மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிடும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்தல் நடத்திய ஊர் ஆயிற்றே என்பார். ஒருமுறை அவரைக் கூட்டிப்போய் அந்தக் கல்வெட்டைக் காட்டினேன். குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் சொந்த நிலம் இருக்க வேண்டும் என்பதும் அதே கல்லில்தான் இருக்கிறது. நான் அதைச் சொன்னபோது அவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் இனப் பெண்களுக்கு என்று வந்தது. ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்கள் தாங்கள் நிற்க முடியாது என்று ஆனதும், தங்கள் டிராக்டரை ஓட்டுகிறவரின் மனைவியை நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணும் எங்கள் காலனிதான், பின் தெரு. நல்ல மாதிரி. யார் சொன்னாலும் கேட்டுக்கொள்வார், அதற்காகத்தான் அவரைப் பிடித்தார்கள். எதிரே என் அக்கா நின்றாள். எட்டு வருஷம் மகளிர் குழு நடத்தியவள், தாலுகா ஆபீசில் உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்காருகிறவள். அக்காவுக்கு மூக்குக் கண்ணாடி சின்னம், அவர்களுக்குப் பூட்டு சாவி. ஒரே மாதத்தில் காலனி இரண்டாகப் பிளந்தது. மாமன் மச்சான் பேச்சு நின்றது. ஒரே தண்ணீர்க் குழாய்க்கு இரண்டு வரிசை நின்றது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் ஜெர்மனிக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் இடம் இருந்தது. "என்ன சொல்றதுன்னு ஒரு முடிவெடு" என்றாள் மனைவி. "அக்கா ஜெயிச்சா இருப்போம். தோத்தா போயிடலாம்" என்றேன். ஏதோ பெரிய தியாகம் செய்கிறவன் மாதிரி அதைச் சொன்னேன். தோற்றால் எங்கே போவது என்று எங்கள் தெருவில் வேறு யாருக்கும் ஒரு ஏற்பாடு இல்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் "உனக்குத்தான்" என்று சொல்லி அனுப்புவார்கள். வந்தவர் அதை நம்பமாட்டார், ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுப் போவார். இரண்டாம் தடவை யாரும் கேட்பதில்லை. புருஷன் பெண்டாட்டியைக் கேட்பதில்லை. மகன் அம்மாவைக் கேட்பதில்லை. நிலம் நீச்சு இல்லாத எங்களுக்கு இருந்த ஒரே வேலி அதுதான். அதை உடைக்கத்தான் ஊர்க்காரர்கள் இந்தத் தடவை தாம்பாளத்தில் சூடம் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். "பூட்டு சாவிக்குத்தான்" என்று சத்தியம் செய்து உள்ளங்கையால் சூடத்தை அணைக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் அணைத்தார்கள். அணைத்துவிட்டு உள்ளே போய்த் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

எதிர் வீட்டுச் சித்தியும் அணைத்தாள். அம்மாவின் தங்கை, சித்தப்பா செத்துப் பல வருஷமாகத் தனியாக இருக்கிறவள். பெரிய வீட்டு மாடு ஒன்றை வாரத்துக்கு வளர்த்துவந்தாள். மாடு அவர்களுடையது, தீனியும் பாடும் இவளுடையது, பால் இவளுக்கு, கன்று ஆளுக்குப் பாதி. அவர்கள் வரப்பில் புல் அறுப்பாள், அவர்கள் கழனியில்தான் நடவுக்கும் போவாள். சித்தியின் பிழைப்பு முழுக்க அந்த ஒரு வீட்டோடு கட்டியிருந்தது.

நான் பதினைந்து நாள் வீட்டிலிருந்து வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன். வந்ததும் லேப்டாப்பில் ஒரு ஷீட் போட்டேன். தெருவாரியாக, வீட்டுக்கு ஒரு வரி. நமக்கு என்றால் பச்சை, அவர்களுக்கு என்றால் சிவப்பு, தெரியாவிட்டால் மஞ்சள். மூன்று நாளில் ஷீட் முழுக்கப் பச்சையாகிவிட்டது. எல்லோரும்தான் "உனக்குத்தான் நைனா" என்கிறார்களே. எனக்குக் கோபம் வந்தது. இது டேட்டாவே இல்லை என்று அக்காவிடம் கத்தினேன். "எல்லாம் அப்படித்தாண்டா சொல்லுவாங்க, வுடு" என்றாள் அவள். நான் விடவில்லை. மறுபடியும் ஒவ்வொரு வீடாகப் போய், உள்ளே உட்கார்ந்து, டீ குடித்து, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் செய்யாத வேலை அது. படித்தவன், நம்ம பையன், கேட்கிறானே என்று சொன்னார்கள்.

சித்தி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

"நிஜமா யாருக்கு சித்தி? சூடம் வேற அணைச்சிருக்கே."

"சூடம் அணைஞ்சா அணைஞ்சிது. பொட்டிக்குள்ள சாமியும் வராது, பெரிய வூட்டுக்காரரும் வரமாட்டாரு. எங்கக்கா பொண்ணு நிக்கறா, நான் வேற யாருக்குப் போடுவேன்?" என்றவள், கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இத்த எதுக்குக் கேக்கற? எங்கனா எழுதப் போறியா?"

"யாரும் பாக்க மாட்டாங்க சித்தி. இது என் தொழிலு" என்றேன்.

பச்சை அடித்தேன். பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். அதில், 'சூடம் அணைத்தது சும்மா, ஓட்டு நமக்கே' என்று எழுதினேன். அப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் கலரைத் திருத்தி எழுதினேன்; சில வீடுகள் சிவப்பாயின, சில மஞ்சளாயின. யார் பயந்துகொண்டு சொல்கிறார், யாருடைய மகன் யாரிடம் வேலை பார்க்கிறான், யார் கடைசியில் சாய்வார் என்று அழகாக எழுதினேன். அலுவலகத்தில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

அக்காவுக்காக வேலை செய்த ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்கள் ஷீட்டைத் திறக்கும்போதெல்லாம் அனுமதி கேட்டு எனக்கு மெயில் வரும். நான் மீட்டிங்கில் இருப்பேன், போன் அடித்துக்கொண்டே இருக்கும். "அண்ணா தொறக்க மாட்டேங்குது, பேஜாரா கீது" என்பார்கள். இரண்டு நாள் பொறுத்துவிட்டு, எரிச்சலில், லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்று மாற்றி வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டேன். கம்பெனியில் வேறொருவர் இதைச் செய்திருந்தால் அவருடைய மேனேஜருக்கு நானே மெயில் போட்டிருப்பேன். ஊரில்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் காலனிக்காரர்களைப் பற்றி மேலே ஊர்க்காரர்கள் நினைப்பதற்கும் நான் நினைத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்பது ஓட்டில் அக்கா தோற்றாள்.

எண்ணிக்கையைப் பார்த்தால், என் மஞ்சள் வீடுகள் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தன. ஒன்றிரண்டு போயிருந்தால் சரி, அத்தனையும் எப்படி என்று ஷீட்டை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டேன். வெடிச்சத்தம் ஓய்ந்த மூன்றாம் நாள் பெரிய வீட்டு ஆள் வந்து சித்தியின் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். கன்றும் பின்னாலேயே போயிற்று. பாதிக் கன்று யாருக்கு என்ற பேச்சே எழவில்லை. வரப்பில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் நடவுக்கு ஆள் கூப்பிட்டபோது எங்கள் தெருவில் பதினெட்டு வீட்டைத் தாண்டிப் போய்க் கூப்பிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி வால்வு அந்த வீடுகள் இருக்கிற பக்கம் கால் மணி நேரத்தில் மூடிக்கொண்டது.

சென்னைக்குத் திரும்பியதும் சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் சொன்னேன். ஓட்டுப் போட்டதற்காகத் தெருவையே பழிவாங்குகிறார்கள் என்றேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். இந்த ஊரில் மனுஷன் இருப்பானா, கிளம்பிவிடு என்றார்கள். எனக்கு அது இதமாக இருந்தது. போவதற்குக் கௌரவமான ஒரு காரணம் கிடைத்துவிட்டது. என் பழைய பாஸ்போர்ட் ஒருமுறைகூட வெளிநாட்டு முத்திரை படாமலே காலாவதியாகியிருந்தது. புதிதாக எடுக்க அடுத்த சனிக்கிழமையே ஊருக்கு வந்து, அக்காவிடமிருந்த என் சர்ட்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடை பாயை எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு முதல் காப்பி எடுத்தவர் அவர்தான். ஆதாரைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"உங்க ஊர் எலெக்‌ஷன்ல யாருப்பா அவ்ளோ நல்லா லிஸ்ட் போட்டது?"

"எந்த லிஸ்ட் பாய்?"

"வூடு வூடா, கலர் கலரா. ஓட்டுப் போடறதுக்கு நாலு நாள் முந்தி உங்க ஊர் பெரிய வூட்டு ஆளு வந்து ஏழு காப்பி எடுத்துக்கினு போனாரு. கருப்பு வெள்ளைல போதுமான்னேன். கலர் தெரியணும் பாய்னாரு. மஞ்சளா கீறத மட்டும் பேனால சுழிச்சிக்கினே நின்னாரு." பாய் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா தம்பி, ஒடம்பு சரியில்லையா?"

அக்காவைத் தோற்கடித்தது பெரிய வீட்டுக்காரர்கள் இல்லை. எந்த வீட்டுக்குப் போக வேண்டும், எந்த வீட்டுக்குப் போய்ப் பிரயோஜனமில்லை என்று நான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பிறகு யாரை உதைக்க வேண்டும் என்பதையும் பச்சை அடித்துக் காட்டியிருக்கிறேன். அவர்கள் தெருவைப் பழிவாங்கவே இல்லை. நான் பச்சை அடித்த பதினெட்டு வீட்டைத்தான் எண்ணிப் பழிவாங்கினார்கள். போனில் அந்த ஷீட்டை அங்கேயே நின்று அழித்தேன். ஏழு தாள்களை எப்படி அழிப்பது? பாய் என் காப்பிகளைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் புடவையையும் மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க. வுடுடா வுடுடான்னு சொன்னனே."

"அக்கா..."

"நான் தோத்தது போவுது. இன்னொரு வாட்டி நிப்பேன், இல்ல நிக்காம போவேன். அவ மாடு இல்லாம இன்னா பண்ணுவா? போய் உன் வாயால சொல்லு. வேற யாரும் சொல்றதுக்கு முன்னால நீ சொல்லு."

போனேன். சித்தி வீட்டுக் கொட்டகை காலியாகக் கிடந்தது. மாட்டுக் கயிறு மட்டும் முளையில் இருந்தது. எதிரில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அது நடந்திருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். அந்தச் சுகத்தை அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

"சூடத்த அணைக்கும்போது எனக்குப் பயமே இல்ல நைனா. உன் கிட்ட சொன்னன் பாரு, அன்னிக்குத்தான் கொஞ்சம் பயமா இருந்திச்சி. சரி, நம்ம புள்ளைதானேன்னு நெனச்சேன்."

"நான் ஒரு மாடு வாங்கித் தரேன் சித்தி."

"வாங்கித் தருவே. புல்லு எங்க அறுக்கறது? ஜெர்மனிலயா?"

அந்த ஊரில் ஒரு முழ வரப்புகூட எங்களுடையது இல்லை. நல்ல சம்பளம் வாங்குகிற எனக்கும் அது தெரியும், ஆனால் ஒரு மாட்டை வைத்து அதைப் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

மனைவியிடம் போக வேண்டாம் என்று ஒருநாள் சொன்னேன். "இருந்து என்ன பண்ணப் போற?" என்றாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். சனி ஞாயிறு ஊருக்குப் போய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் நடப்பேன். அதைத் தவிர என்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. "நீ இருக்கறதும் உனக்காகத்தான், போறதும் உனக்காகத்தான். அதுல அவங்கள இழுக்காத" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை, ஆனாலும் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கம்பெனிப் படிவத்தில் இரண்டு பேரும் சரி என்று அழுத்தினோம்.

பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை ஊர் முகவரிக்கு வந்தது. ஏட்டு ஒருவர் ஒரு காலை பைக்கில் வந்து எங்கள் வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். அக்கம் பக்கத்தில் இரண்டு பேர், இவன் இந்த ஊர்க்காரன், நல்லவன் என்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், ஆதார் காப்பியும் வேண்டும் என்றார். அக்கா தெருவில் இறங்கினாள். ஒரு வீட்டில் ஆதார் பேங்கில் இருந்தது. ஒரு வீட்டில் கை நடுங்கியது. ஒரு வீட்டில் ஆளே இல்லை என்று உள்ளேயிருந்து ஆளே சொன்னார். எங்கள் தெருவில் இனி எந்தத் தாளிலும் யாரும் பெயர் எழுதமாட்டார்கள். அதற்கு நான் வழி செய்துவிட்டேன்.

கூப்பிடாமலே வந்தவர் ஒருவர்தான். ஜெயித்த தலைவரின் புருஷன், அந்த டிராக்டர்காரர். ஏட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முதல் கையெழுத்தை அகலமாகப் போட்டார். "நல்லபடியா போய்ட்டு வாங்க தம்பி. நம்ம ஊருக்கே பெருமைதான்" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு லிஸ்ட் போட்டு அவர் மனைவியைத் தலைவராக்கியவன் போகிறான், மரியாதை செய்ய வேண்டாமா?

"இன்னொருத்தர் யாரு?" என்றார் ஏட்டு, கடிகாரத்தைப் பார்த்து.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. சித்தி ஆதாரை முந்தானையில் துடைத்துக்கொண்டே தெருவைக் கடந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஏட்டு காட்டிய இடத்தில் குனிந்து, எழுத்துக் கூட்டி, மெதுவாகத் தன் பெயரை எழுதினாள். முதியோர் பள்ளியில் அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது என் அம்மா. எழுதி முடித்ததும் அந்தத் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேனாவை என் கையில் கொடுத்தாள்.

"இதுல எனக்கு இன்னா கலரு அடிப்ப?"

ஏட்டு தாளை மடித்தார். சித்தி திரும்பி நாலடி நடந்து, தெரு நடுவில் நின்றாள்.

"போற எடத்துல யார் வூட்லயும் போய் ஒண்ணும் கேக்காத நைனா" என்றாள். "சும்மா இரு."

பாஸ்போர்ட் பத்து நாளில் வந்துவிட்டது. கடைசி நாள் சாப்பாட்டு மேசையில் கேக் வெட்டினார்கள். கனடா போகப்போவதாகப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் என் தோளைத் தட்டிக் கேட்டார், ஊரில் எலெக்‌ஷனுக்கு அப்புறம் இருக்க முடியாதபடி பண்ணிவிட்டார்களாமே, அதனால்தானே போகிறாய் என்று. ஆமாம் என்றேன். யாரை, யார் அப்படிப் பண்ணினார் என்று அவர் கேட்கவில்லை.